பாண்டியின் குதிகாலும் ஐயாவின் மாத்திரை அட்டையும்: சர்க்கரை நோயுள்ள பூனைக்கு பி12, ஒரு நிகழ்வு ஆய்வு

பூனையின் பெயரை மாற்றியிருக்கிறேன். பாண்டி என்று வைத்துக்கொள்வோம். பத்து வயது, கருத்தடை செய்த செவலை நிறக் கடுவன், நம்மூர் நாட்டுப் பூனை. திருச்சி உறையூரில் ஓய்வுபெற்ற தம்பதியின் வீட்டில் வளர்கிறான். ஐயாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை, அம்மாவுக்கு மூட்டு வலி. பாண்டிக்கு மட்டும் அதுவரை ஒன்றும் இல்லை.

"மதில்ல இருந்து விழுந்திருப்பான் டாக்டரம்மா. பின்னங்கால தேச்சுத் தேச்சு நடக்குறான். ஒரு மாசமா பீரோ மேல ஏறவே இல்ல" என்றார் அம்மா.

கூடையைத் திறந்து தரையில் விட்டேன். நடையைப் பார்த்ததுமே பாதி விடை கிடைத்துவிட்டது. பூனை விரல்களை ஊன்றி நடக்கிற பிராணி. அதன் குதிகால் தரையைத் தொடாமல் மேலே நிற்க வேண்டும். பாண்டிக்கு இரண்டு குதிகால்களும் தரையில் படிந்திருந்தன. தூக்கிப் பார்த்தால் குதியின் அடியில் முடி தேய்ந்து, தோல் காய்த்துப் பளபளவென்று இருந்தது. ஒரு நாளில் வருகிற தேய்மானம் இல்லை அது. விழுந்து அடிபட்ட கதை அங்கேயே அடிபட்டுப் போயிற்று.

தண்ணீர் அதிகம் குடிக்கிறானா என்று கேட்டேன். பாத்ரூம் வாளிக்குள் தலையை விட்டுக் குடிக்கிறானாம். அப்புறம் வழக்கமாகக் கேட்கிற அடுத்த கேள்வி: அவன் சிறுநீர் போகிற மண் தட்டில் எறும்பு வருகிறதா?

அம்மா ஐயாவைப் பார்த்தார். "ரெண்டு வாரமா வரிசை கட்டி வருது. நான் எறும்பு சாக்பீஸ்தான் போட்டு வச்சேன்." (அந்தச் சாக்பீஸைப் பூனை புழங்கும் இடத்தில் போடவே கூடாது, அது பூச்சிமருந்து. அன்றைக்கு முதலில் கொடுத்த அறிவுரை அதுதான்.)

எடை 4.5 கிலோ. முந்தைய வருடம் தடுப்பூசி அட்டையில் 5.9 என்று நானே எழுதியிருந்தேன். ரத்தச் சர்க்கரை 438. ஆனால் பூனை விஷயத்தில் இந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய் குரைக்கிற அறையில் உட்காரவைத்தால் நோயே இல்லாத பூனைக்கும் பயத்தில் 300-ஐத் தாண்டும். அதனால் சிறுநீர் பார்த்தேன். சர்க்கரை நிறைய, கீட்டோன் (சர்க்கரை கைமீறிப் போனதன் அடையாளம்) இல்லை. முந்தைய இரண்டு மூன்று வாரச் சராசரியைச் சொல்கிற ஃப்ரக்டோசமைன் 498 என்று வந்தது. நல்ல பூனைக்கு அது 350-ஐ ஒட்டி நின்றுவிடும். சந்தேகம் தீர்ந்தது.

கால் தளர்வுக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால் அவற்றையும் பார்த்துவிட்டேன். பாதங்கள் சூடாக இருந்தன, தொடையில் நாடித்துடிப்பு தெரிந்தது. அப்படியானால் ரத்தக்கட்டி அடைப்பு இல்லை. பொட்டாசியம் சரியாக இருந்தது. தைராய்டு, சிறுநீரகம் இரண்டிலும் குறையில்லை. கல்லீரல் நொதி ஏ.எல்.டி. 92. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது. முழங்கால் அனிச்சை இரண்டு பக்கமும் மந்தம். சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு, வேறொன்றுமில்லை. மனிதர்களுக்குப் பாதம் எரியும், மரத்துப்போகும். பூனைக்குக் குதிகால் இறங்கிவிடும். சர்க்கரை நோயுள்ள பூனைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்கு இது கண்ணில் படும் அளவுக்கு வரும் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும்.

ஊசி, சோறு, ஒரு வாய்தவறல்

வைத்தியத்தின் முதுகெலும்பு இன்சுலின். கிளார்ஜின், ஒரு யூனிட், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு வில்லங்கம் இருக்கிறது. இந்தியாவில் பழைய வகை மனித இன்சுலின் குப்பிகள் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அவற்றுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. கிளார்ஜின் ஒரு மில்லிக்கு 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி. ஐயா தனக்குப் போட்டுக்கொள்வது சிவப்பு. அதில் கிளார்ஜினை ஒரு கோடு இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். நாலரைக் கிலோ உடம்புக்கு அது விளையாட்டு இல்லை. அதனால் அரை யூனிட் கோடு போட்ட ஆரஞ்சு மூடி சிரிஞ்சு டப்பா ஒன்றைக் கையில் கொடுத்து, பிடரித் தோலைக் கூடாரம்போல் தூக்கிக் குத்துவதை வெறும் உப்புநீரில் மூன்று முறை செய்ய வைத்தேன். ஐயாவுக்குக் கை பழகியதுதான். மூன்றாவது முறை பாண்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்து சாப்பாடு. மத்தி மீன் குழம்பு பிசைந்த சோறு, நாள் முழுக்கத் தட்டில் கிடக்கும் உலர் தீவனம், ராத்திரி பால். மூன்றும் மாவுச்சத்தும் சர்க்கரையும். பூனைக்கு மாவுச்சத்து தேவையே இல்லை, அதைக் கையாளும் திறனும் குறைவு. சோற்றையும் பாலையும் நிறுத்தச் சொல்லி, மாவு குறைந்த டின் உணவுக்கு மாற்றினேன். கூடவே கொஞ்சம் வேகவைத்த கோழி. கோழி மட்டுமே போதாதா என்று அம்மா கேட்டார். போதாது. பூனைக்கு டாரின் என்ற அமினோ அமிலம் வெளியிலிருந்து வந்தே ஆக வேண்டும், அது குறைந்தால் இதயத் தசை தளர்ந்துவிடும் என்பது 1987-லேயே தெரிந்துவிட்டது. கேரட்டில் இருப்பதைப் பூனை வைட்டமின் ஏ-வாக மாற்றாது. வெயிலில் படுத்துப் படுத்து வைட்டமின் டி-யும் தயாரிக்காது. இதெல்லாம் நல்ல டின் உணவில் அளந்து கலந்திருக்கும். அது வயிற்றுக்குள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாலே வைட்டமின் கணக்கில் பெரும்பகுதி முடிந்தது.

கிளம்பும்போது ஐயா வாசலில் நின்று கேட்டார்: "நரம்புக்கு ஏதாவது வைட்டமின் குடுக்கலாமாம்மா? எனக்கு டாக்டர் எழுதியிருக்காரே, அந்த மாதிரி?"

அடுத்த நாய் உள்ளே வந்துகொண்டிருந்தது. "மெத்தில்கோபாலமின் குடுக்கலாம் சார், தப்பில்ல" என்றேன். பி12-இன் ஒரு வடிவம் அது. சீட்டில் எழுதவில்லை, அளவு சொல்லவில்லை. இந்த ஆய்வை எழுதுவதற்கு முக்கியக் காரணமே நான் சொன்ன அந்த ஒரு வரிதான்.

பன்னிரண்டாம் நாள் ராத்திரி

எட்டு மணிக்குப் போன். "பாண்டி தள்ளாடுறான் டாக்டரம்மா, வாயில எச்சில் வடியுது." வீட்டுக் குளுக்கோமீட்டரில் 48. மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடச் சற்றுக் குறைத்துக் காட்டும். ஆனாலும் தள்ளாடுகிற பூனையை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கெல்லாம் போட நேரமில்லை. சர்க்கரைப் பாகை விரலில் தொட்டு ஈறில் தடவிக்கொண்டே கிளம்பி வரச் சொன்னேன்.

வந்ததும் நரம்பு வழியாக நீர்த்த டெக்ஸ்ட்ரோஸ், வாந்தியை நிறுத்தும் ஊசி. அரை மணியில் தலை தூக்கினான். பிறகுதான் விசாரணை. இரண்டு நாளாகச் சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். நுரை நுரையாக வாந்தி. காலையில் ஒரு வாய்தான் சாப்பிட்டான். ஆனால் இன்சுலின் முழுசாகப் போட்டார்கள், நேரம் தவறக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்லியிருந்தேன் அல்லவா. சாப்பிடாவிட்டால் போடாமல் எனக்குப் போன் செய்யுங்கள் என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்லியிருக்க வேண்டும்.

ஏன் சாப்பிடவில்லை? புதிதாக ஏதாவது கொடுத்தீர்களா?

"நீங்க சொன்ன மாத்திரைதாம்மா. மூணு நாளா, காலைல பாதி." சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். அவருடைய மாத்திரை அட்டை. முன்பக்கம் மெத்தில்கோபாலமின் என்று பெரிய எழுத்து. திருப்பினேன். மெத்தில்கோபாலமின் 1500 மைக்ரோகிராம், ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் 200 மில்லிகிராம், பிரிடாக்சின், ஃபோலிக் அமிலம்.

எனக்குக் கை சில்லிட்டது. நம் மருந்துக்கடைகளில் "நரம்பு மாத்திரை" என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது இப்படிப்பட்ட கூட்டு மாத்திரைதான். சர்க்கரைக்காரர்களின் கால் எரிச்சலுக்கு லிப்போயிக் அமிலம் பரவலாக எழுதப்படுகிறது. மனித உடம்பு தினம் 600 மில்லிகிராமைத் தாங்குகிறது. பூனை தாங்காது. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல ஆரோக்கியமான பூனைகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். பூனை தாங்கும் அளவு கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கும் கீழே என்று தெரிந்தது. மனிதர், நாய், எலி ஆகியோருக்கு இருப்பதைப்போலப் பத்து மடங்கு நச்சு. அடி விழுவது கல்லீரல் செல்லில்.

பாண்டிக்குப் போனது தினம் 100 மில்லிகிராம். கிலோவுக்கு 22. அந்த எல்லைக்குக் கீழேதான், ஆனால் மூன்று நாள் தொடர்ந்து. அன்றிரவு எடுத்த ஏ.எல்.டி. 340. முதல் நாள் 92 இருந்தது நினைவிருக்கும். சர்க்கரைப் பூனைகளுக்குக் கல்லீரல் நொதி தானாகவே கொஞ்சம் ஏறும், கணையம் வீங்கினாலும் பக்கத்துக் கல்லீரல் சூடேறும். ஆகவே நூற்றுக்கு நூறு மாத்திரைதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். மாத்திரையை நிறுத்தியதும் மூன்று வாரத்தில் 110-க்கு வந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

ஐயா பெஞ்சில் உட்கார்ந்து அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சாப்பிடுறதுதானே, நல்லதுதான்னு நெனச்சேன்." தப்பு உங்களுடையது இல்லை சார், என் வாய்தான் என்றேன். உண்மையும் அதுதான்.

ஃப்ரீசரில் இருந்த சீரம்

மறுநாள் காலை, பாண்டி கொஞ்சம் கோழித் தண்ணீர் நக்கியதைப் பார்த்துத் தெம்பாகி, ஐயா கேட்ட கேள்விதான் இந்த நிகழ்வைத் திருப்பியது. "அப்போ இவனுக்கு பி12 வேணுமா வேணாமா?"

அவருக்கு அது எழுதப்பட்டதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. அவர் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அது நாளடைவில் உடம்பில் பி12-ஐக் குறைக்கும். பாண்டி மெட்ஃபார்மின் சாப்பிடவில்லை. ஆகவே ஐயாவின் காரணம் அவனுக்குப் பொருந்தாது. ஆனால் பூனைக்கு வேறொரு வழி இருக்கிறது, அதை நான் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

பி12 குடலில் உள்ளே ஏற ஒரு துணைப் புரதம் வேண்டும், உள்ளார்ந்த காரணி என்பார்கள். மனிதருக்கு அது இரைப்பையில் சுரக்கிறது. பூனைக்கு அதைத் தயாரிப்பது கணையம் மட்டுமே. அதே கணையம்தான் இன்சுலினையும் தயாரிக்கிறது. சர்க்கரைப் பூனைகளில் கணைய அழற்சி சேர்ந்தே இருப்பது சகஜம். அப்படியானால் ஒரே உறுப்பு பழுதானதில் இன்சுலினும் குறையலாம், பி12-உம் குறையலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதி வீங்கியிருந்தால் வந்த பி12-ஐ ஏற்றிக்கொள்ள வாசலும் இருக்காது. போதாததற்கு, பூனையின் உடம்பில் பி12 வெகுநாள் தங்காது. நல்ல பூனையின் ரத்தத்தில் அது பாதியாகக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆகும், குடல் அழற்சி உள்ள பூனையில் ஐந்தே நாள். மனிதனின் கல்லீரலில் சில வருடத்துக்கான கையிருப்பு இருக்கும். பூனைக்கு அந்தச் சேமிப்பு இல்லை.

அம்மாவைத் துருவிக் கேட்டபோது, ஆறு மாதமாக மலம் அவ்வப்போது இளகிப் போவது தெரிந்தது. அவர் அதை மீன்மேல் பழி போட்டு விட்டிருந்தார். கணைய அழற்சிக்கான துரிதச் சோதனை அசாதாரணம் என்று காட்டியது. ஸ்கேனில் கணையம் லேசாகத் தடித்து, சிறுகுடல் சுவரிலும் தடிப்பு. திசு எடுத்துப் பார்க்கவில்லை. அந்த நிலையில் மயக்கம் கொடுக்க மனசு வரவில்லை. ஆகவே அழற்சி என்று சொல்வது என் யூகம், நிரூபணம் அல்ல.

இப்போது பி12 பார்க்கலாம் என்றால், மூன்று நாளாக 750 மைக்ரோகிராம் வீதம் உள்ளே போயிருக்கிறது. என்ன வந்தாலும் பொய்யாக உயர்ந்தே வரும். நல்லவேளை, முதல் நாள் எடுத்த ரத்தத்தின் சீரம் கொஞ்சம் ஃப்ரீசரில் கிடந்தது. அதை மனிதர்களுக்கான ஆய்வகத்துக்குத்தான் அனுப்பினேன், இங்கே வேறு போக்கிடம் இல்லை. மாலையில் முடிவு வந்தது: பி12, ஒரு மில்லிக்கு 228 பிகோகிராம். பக்கத்தில் அச்சிட்ட இயல்பு வரம்பு 211 முதல் 911. சிவப்பு எழுத்து இல்லை, நட்சத்திரக் குறி இல்லை. யார் பார்த்தாலும் நார்மல் என்று ஃபைலில் வைத்துவிடுவார்கள்.

ஆனால் அந்த வரம்பு மனிதருடையது. பூனைக்குப் பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் கீழ் எல்லை 290. ஆய்வகத்துக்கு ஆய்வகம், கருவிக்குக் கருவி கொஞ்சம் மாறும் என்றாலும், இளகிய மலமும் ஒன்றரைக் கிலோ எடை இழப்பும் உள்ள பூனைக்கு 228 என்பது குறைவுதான். இன்னொரு பி வைட்டமினான ஃபோலேட் சரியாக இருந்தது.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த ஆய்வில் ஒரே ஒரு இடத்தை அடிக்கோடிடச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். மனித ஆய்வகத்தில் பூனையின் ரத்தம் கொடுத்தால், எண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் வரம்பைக் கண்ணால்கூடப் பார்க்காதீர்கள்.

என்ன கொடுத்தோம், எதைக் கொடுக்கவில்லை

வாரம் ஒருமுறை 250 மைக்ரோகிராம், தோலுக்கடியில், ஆறு வாரம். ஒரு மாதம் கழித்து இன்னொன்று. அதற்கும் ஒரு மாதம் கழித்து மறுசோதனை. பூனைகளுக்கு வழக்கமாகப் பின்பற்றும் முறை இது. பி12-இன் இன்னொரு வடிவமான சயனோகோபாலமினை வைத்துத்தான் இந்த அளவுகள் வகுக்கப்பட்டன. எனக்கு எளிதாகக் கிடைத்தது மெத்தில்கோபாலமின் மட்டுமே இருந்த 500 மைக்ரோகிராம் ஆம்பூல். பாதி எடுத்தால் போதும். "மட்டுமே" என்பதைத் தேடிப் பிடிக்கவே மூன்று கடை ஏற வேண்டியிருந்தது. முதல் இரண்டு கடையில் நீட்டியது பிரிடாக்சின், நிகோடினமைடு எல்லாம் கலந்த கூட்டு ஊசி. சிவப்பு நிறத் திரவம் சிரிஞ்சில் ஏறுவதைப் பார்த்து அம்மா "ரோஸ்மில்க் மாதிரி இருக்கு" என்றார். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் ஆம்பூலை டப்பாவிலேயே வைத்து, உடைத்த கையோடு போட்டுவிடுவோம்.

நரம்புக்கு மெத்தில் வகைதான் உசத்தி என்று பூனை வளர்ப்பவர்கள் பலர் உறுதியாக நம்புகிறார்கள். ஜப்பானில் அது மனித நரம்பு நோய்க்கே மருந்தாக விற்பனையில் இருக்கிறது, அந்த நம்பிக்கையின் வேர் அங்கே. பூனையின் சர்க்கரை நரம்புப் பாதிப்பில் அதை ஒழுங்காக ஒப்பிட்டு நிரூபித்த சோதனையை நான் பார்த்ததில்லை. கெடுதல் இல்லை, கிடைத்தது, கொடுத்தேன். அவ்வளவுதான்.

இதற்கிடையில் உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? முதலில் வந்தது ஈரல் யோசனை. "கோழி ஈரல்ல பி12 கொட்டிக் கிடக்காமே, அத வாங்கிப் போடேன்" என்று அம்மாவின் அக்கா. யோசனைக்குச் சரித்திரம் உண்டு. ரத்தச்சோகை நோயாளிகளுக்கு ஈரலைத் தின்னக் கொடுத்து மைனாட், மர்ஃபி என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1926-ல் காட்டிய முன்னேற்றம்தான் பி12 கண்டுபிடிப்புக்கே வழிவிட்டது, 1934-ல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் கணக்குப் போடுவோம். 100 கிராம் கோழி ஈரலில் சுமார் 16, 17 மைக்ரோகிராம் பி12. பாண்டியின் ஓர் ஊசிக்கு ஈடாக வேண்டுமானால் ஒன்றரைக் கிலோ ஈரல். அதுவும் துணைப் புரதம் இல்லாத குடலில் பெரும்பகுதி ஏறாமல் போகும். ஈரலில் இருக்கும் வைட்டமின் ஏ மட்டும் சிந்தாமல் சிதறாமல் சேர்ந்துகொண்டே போகும். மாதக்கணக்கில் ஈரலாகவே தின்ற பூனைகளுக்குக் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, தலையைத் திருப்ப முடியாமல் போவதுண்டு. மீன் எண்ணெய் மாத்திரை என்று நினைத்து வாங்கும் காட் ஈரல் எண்ணெய்க்கும் இதே எச்சரிக்கை. வாரம் ஒருநாள் சுண்டுவிரல் அளவு ஈரல் போடுங்கள், பிரியமாகச் சாப்பிடுவான் என்று முடித்தேன்.

அடுத்து ஐயாவின் தம்பி. நெல்லிக்காய்ச் சாறு சர்க்கரைக்கு நல்லது. பூனை தன் கல்லீரலிலேயே வைட்டமின் சி தயாரித்துக்கொள்ளும், வெளியிலிருந்து வேண்டாம். இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. சிறுநீரில் வைட்டமின் சி அதிகம் இறங்கினால், சர்க்கரை பார்க்கும் பட்டையில் நிறம் மாறாமல் தடுத்துவிடும். சர்க்கரை இருக்கும், பட்டை இல்லை என்று சொல்லும். வீட்டில் பட்டை வைத்துப் பார்க்கிறவர்களுக்கு இது சத்தமில்லாத வம்பு.

டானிக் பாட்டில்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செல்லப்பிராணிக்கான வைட்டமின் சிரப், பசை எதுவானாலும் இனிப்பாக இருந்தால் சர்க்கரை, இல்லாவிட்டால் மால்ட். அலமாரியில் இருந்த இரண்டையும் அம்மாவே எடுத்துத் தெருநாய்க்குக் கொடுத்துவிட்டார். அது நன்றாக இருக்கிறது.

பி1 குறைவு பற்றி ஒரு நிமிடம் யோசித்தேன். பச்சை மத்தி, நெத்திலி போன்ற மீன்களில் பி1-ஐ அழிக்கும் நொதி இருக்கும். அதையே தின்று வளரும் பூனைக்குத் தலை முன்பக்கம் தொங்கிப்போகும், நடை தடுமாறும். பாண்டிக்கு வந்தது எப்போதும் குழம்பில் வெந்த மீன், வெந்தால் அந்த நொதி செத்துவிடும். தலையும் நேராகத்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.

அதன் பிறகு

சாப்பாடு நின்று இரண்டு மூன்று நாளில் மீண்டதும் இன்சுலினை மறுபடி ஒரு யூனிட்டில் தொடங்கினோம். ஐந்தாம் வாரம் ஒன்றரை. காது விளிம்பில் குத்தி வீட்டிலேயே சர்க்கரை பார்க்க அம்மா கற்றுக்கொண்டார். ஐயாவுக்குக் குத்த மனசு வரவில்லை, தன் விரலில் மட்டும் குத்திக்கொள்வார். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் தேதி, நேரம், எண், சாப்பிட்ட அளவு என்று அம்மா கோடு போட்டு எழுதிக் கொண்டுவருவார். அதைவிட நல்ல கேஸ் ஷீட்டை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது பி12 ஊசிக்கு வந்தபோது அம்மா சொன்ன முதல் வார்த்தை கால் பற்றியது இல்லை. "தட்ட நக்கி நக்கிப் பள்ளமாக்கிட்டான்." மலம் கட்டியாகத் தொடங்கியது நான்காவது ஊசி வாரத்தில். எடை 4.3 வரை இறங்கியிருந்தது, ஆறாவது ஊசியன்று 4.7. கால் மட்டும் அப்படியே. ஐயா ஒவ்வொரு முறையும் தரையில் விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கூடையை மூடுவார். நரம்பு மீள்வது மெதுவான காரியம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மூன்றாம் மாதக் கடைசியில் இடது குதி தரையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பியது. நான் கவனிக்கும் முன்பே அம்மா போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தார். நான்காம் மாதம் ஃப்ரக்டோசமைன் 362. எடை 5.1. கடைசி ஊசிக்கு ஒரு மாதம் கழித்து பி12 பார்த்தோம், 812. ஊசியை நிறுத்திவிட்டு, பி12 மட்டும் உள்ள 500 மைக்ரோகிராம் மாத்திரையில் பாதி, பொடித்து டின் உணவில் தினமும். வாய் வழியாகக் கொடுத்தால் ஏறுமா, துணைப் புரதம்தான் இல்லையே என்று கேட்கலாம். அந்தப் புரதத்தின் உதவியில்லாமலும் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குக் கசிந்து உள்ளே போகும். அளவைப் பெரிதாக வைத்தால் அந்தக் கசிவே போதுமானதாகிவிடுகிறது. பூனைகளில் இது பார்த்து உறுதிசெய்யப்பட்டிருக்கிறது.

எது எதைக் குணப்படுத்தியது? பசி, மலம், எடை மூன்றிலும் பி12-க்குப் பெரும் பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். ஊசி தொடங்கிய சில வாரங்களில் திரும்பியது அவைதான், அந்த நேரத்தில் சர்க்கரை இன்னும் முழுக் கட்டுக்குள் வந்திருக்கவில்லை. கால் விஷயத்தில் என் வாக்கு இன்சுலினுக்கும் சோற்றை நிறுத்தியதற்கும். பி12 தொடாமல் சர்க்கரையை மட்டும் கட்டுப்படுத்தியே குதிகால் எழும்பிய பூனைகளை நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரையைக் கவனிக்காமல் பி12 மட்டும் கொடுத்து எழும்பிய ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. இரண்டையும் ஒரே சமயத்தில் கொடுத்த ஒரே பூனையை வைத்து இதற்கு மேல் பிரித்துச் சொன்னால் அது ஜோசியம்.

என் பழக்கத்தில் மாறியவை இரண்டு. சர்க்கரைப் பூனை வந்தால், எடை இறக்கமோ இளகிய மலமோ சேர்ந்திருந்தால், முதல் ரத்தத்திலேயே பி12-உம் ஃபோலேட்டும் கேட்டுவிடுகிறேன். வைட்டமின் என்ற சொல்லை வாயால் சொல்வதில்லை, சீட்டில் எழுதுகிறேன்: மருந்தின் பெயர், அளவு, அதன் கீழே "ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் சேர்ந்ததாக இருக்கக் கூடாது" என்று தமிழில். மருந்துக்கடைக்காரர் ஒருவர் போன் செய்து ஏன் என்று கேட்டார். சொன்னேன். இப்போது அவரே அட்டையைத் திருப்பிப் பார்த்துக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

ஐயா வீட்டு அலமாரியில் இரண்டு பிளாஸ்டிக் டப்பா. ஒன்றின்மேல் மார்க்கரில் "நான்", இன்னொன்றின்மேல் "பாண்டி". சிவப்பு மூடி சிரிஞ்சு ஒன்றில், ஆரஞ்சு மூடி மற்றதில்.

ஏழாம் மாதம் இப்போது. இன்சுலின் மறுபடி ஒரு யூனிட்டுக்கு இறங்கியிருக்கிறது. பாண்டி நாற்காலி வழியாகப் பீரோ மேல் ஏறுகிறான், நேரே தாவுவதில்லை. மொசைக் தரையில் சட்டென்று திரும்பும்போது வலது குதி இன்னும் ஒரு கணம் தரையைத் தொடுகிறது. அடுத்த பி12 சோதனை ஆடி பதினெட்டு முடிந்ததும்.